பக்கத்து மனை

கன்னியம்மா மனை வாங்கிய கதையைக் காலடிப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு தினுசாகச் சொல்வார்கள். பேராசை என்பார்கள் சிலர். கெட்டிக்காரி என்பார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். இதைச் சொன்னால் எவன் நம்புகிறான்? வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி எவளாவது பேச்சுத் துணை வாங்குவாளா என்று சிரிப்பார்கள். அப்படிச் சிரிக்கிறவர்கள் வீட்டில் ஆள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் அவள் வேலை பார்த்தாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் மணலி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. ஆனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து தட்டை நீட்டுவார்கள். கன்னிம்மாக்கா இன்னிக்கு இன்னா கொழம்பு, கன்னிம்மாக்கா அடிசோறு கீதா, கன்னிம்மாக்கா என் பொண்ணு பாஸ் பண்ணிட்டா. நாள் முழுக்க அவள் பெயர் யார் வாயிலாவது இருந்துகொண்டே இருக்கும். அதனால் வீட்டுக்குப் போய்த் தனியாகப் படுப்பது அவளுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. உடம்பு அலுத்துப் போய்ப் படுத்தால் தூக்கம்தானே.

பிறகு கம்பெனி கதவைச் சாத்தியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைப் பேங்கில் போட்டார்கள். அன்றோடு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. வீட்டுக்காரம்மாவுக்கு அவள் ‘மாடி ரூமு’. பால்காரனுக்கு ‘அரை லிட்டரு’. ஒருநாள் சிலிண்டர் கொண்டு வந்தவன் ரசீதைப் பார்த்து, கன்னியம்மா யாருங்க என்று கேட்டான். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவனை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அவன் டீயைக் குடித்துவிட்டு, இந்தப் பொம்பளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்கிற முகத்தோடு இறங்கிப் போனான்.

பேங்கில் பணம் சும்மா கிடக்கிறதே என்று முதலில் கவலைப்பட்டவர் மாசானம். அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர், திருநெல்வேலிக்காரர். கேன்டீனில் அவள் கையால் சாப்பிட்ட நன்றி அவருக்கு உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த ஷேர் புரோக்கர் ஆபீசுக்கு அவளைக் கூட்டிப் போய்க் கணக்குத் திறந்து கொடுத்தார். எல்லாவற்றையும் போட்டுவிடாதே, பாதியைப் போடு, நாலைந்து கம்பெனியாகப் பிரித்துப் போடு, ஆஸ்பத்திரி செலவுக்கு உள்ளதைப் பேங்கிலேயே விடு, ஐந்து வருஷம் எடுக்காதே என்று பொறுமையாகச் சொன்னார். மனுஷன் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை.

அவளும் அப்படியே செய்தாள். ஷேர் வாங்கியாயிற்று என்றதும் கையில் ஏதாவது கொடுப்பார்கள் என்று காத்திருந்தாள். இப்போதெல்லாம் காகிதம் கிடையாது, கணக்கில் ஏறிவிடும் என்றார்கள். சரி, ஆபீசையாவது பார்ப்போம் என்று தினமும் கிளம்பிப் போனாள். ரிட்டையரான ஆண்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஓடும் எண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏறினாலும் பேச்சில்லை, இறங்கினாலும் பேச்சில்லை. ஒருநாள் சுண்டல் செய்து எடுத்துப் போனாள். பக்கத்திலிருந்தவர் டப்பாவில் கையை விட்டு அள்ளினார், மென்றார், மறுபடி அள்ளினார். கண் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை. யார் கொடுத்த சுண்டல் என்று கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் மாசானத்திடம் கேட்டாள். “ஏன் சார், நான் வாங்கின ஷேருக்குப் பக்கத்து ஷேரு யார்துன்னு தெரியுமா?”

மாசானம் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். “லட்சம் பேரு இருப்பான்மா. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்கவே வேண்டாம். அதுதானே இதுல சௌகரியம்.”

சௌகரியமாம். மறுநாளிலிருந்து கன்னியம்மா அந்த ஆபீசுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். போட்டது போட்டபடி கிடக்கட்டும் என்று விட்டாள்.

அப்புறம்தான் அந்த நோட்டீஸ் வந்தது, பேப்பருக்குள் மடித்து. செல்வமலர் நகர், வீட்டு மனைகள், ஞாயிறுதோறும் திருவொற்றியூர் தேரடியிலிருந்து இலவச வேன், மதிய உணவு உண்டு. அந்த வருஷங்களில் வடசென்னை முழுக்க இந்த வேன்கள்தான். பொன்னேரி, பெரியபாளையம், கவரப்பேட்டை என்று எங்கெல்லாம் வயல் காய்ந்ததோ அங்கெல்லாம் கல் நட்டு, கல்லுக்கு வெள்ளையடித்து, ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். மனை வாங்குகிற எண்ணம் கன்னியம்மாவுக்குத் துளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை எப்படியாவது ஓட்ட வேண்டும், அதற்காகப் போனாள்.

வேனில் ஏறினால் ஜன்னலோரம் ஒரு பெரியவர். அறுபதுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. சட்டென்று எழுந்து ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டார். “குந்துமா. காத்து வரும். நாஸ்தா துன்னியா?”

அவள் சாப்பிட்டாளா என்று ஒரு மனிதன் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஊருக்கெல்லாம் சோறு போட்டவளை யார் கேட்பார்கள். கன்னியம்மா சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அவர் பெயர் கிருஷ்ணப்பன். துறைமுகத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பவர். மகன் மருமகள் பேரப்பிள்ளைகள் என்று வீடு கொள்ளாத கூட்டம், தனக்கென்று ஒரு மனை வாங்கி ஒதுங்கிவிட ஆசை என்றார்.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். மீஞ்சூர் தாண்டும்வரை அவர் துறைமுகக் கதை சொல்வார், தாண்டினபின் இவள் கேன்டீன் கதை சொல்வாள். ஒவ்வொரு இடமாக இறங்கி, கல்லைப் பார்த்து, சாமியானாவுக்குக் கீழே பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவார்கள். அவரை என்னவென்று கூப்பிடுவது என்றுதான் அவளுக்குப் பெரிய பேஜாராக இருந்தது. அண்ணாத்தே என்று சொல்ல மனம் வரவில்லை. ஏங்க என்று சொல்ல வெட்கம். கடைசியில் இந்தா பாருங்க, இந்தா பாருங்க என்றே ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்த என்று இரண்டு புடவை தனியாக எடுத்து வைத்திருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் இது என்ன என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

எத்தனை நாள் ஓசிச் சோறு போடுவான்? வேனை நடத்துகிற பாரி என்கிற பையன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். வாங்கற பார்ட்டிக்கே சீட் பத்தவில்லை, அம்மா ஒரு முடிவு சொல்லிவிட்டால் நல்லது என்றான். நாசூக்காகத்தான் சொன்னான். வாங்காவிட்டால் அடுத்த ஞாயிறு வேன் கிடையாது. வேன் இல்லாவிட்டால் கிருஷ்ணப்பனும் கிடையாது.

அன்றைக்குச் செல்வமலர் நகரில் கடைசி வரிசையில் கிருஷ்ணப்பன் ஒரு கல்லின்மேல் காலை வைத்து நின்றார். “இத்த நான் எடுத்துக்கறேன். நீ பக்கத்தது எடுத்துக்கோ. முன்னால நான் வூடு கட்டிக்கினு வந்துர்றேன். சாயங்காலமானா வாசல்ல ஆளுக்கொரு சேர் போட்டுக்கினு குந்தலாம்.”

கன்னியம்மா வேனில் திரும்பி வரும்போது வழி நெடுக அந்த இரண்டு நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாசானத்திடம் போய்ச் சொன்னாள். அவர் பத்திரத்தின் நகலை வாங்கித் தெரிந்த வக்கீலிடம் காட்டினார். வில்லங்கம் எதுவும் இல்லை, மனை சுத்தமான மனைதான். இருந்தாலும் உட்கார வைத்துச் சொன்னார். மனை என்றால் மொத்தப் பணமும் ஒரே இடத்தில் முடங்கிவிடும். ஷேரையும் விற்க வேண்டியிருக்கும். வாடகை வராது. நாளைக்கு ஆஸ்பத்திரி என்று போய்ப் படுத்தால் மனையின் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்க முடியாது, ஷேரில் வேண்டிய மட்டும் விற்கலாம். ஷேர் விழும்தான், இல்லை என்று சொல்லவில்லை. மனை விழாது என்று ஜனங்கள் நினைப்பது தினமும் அதன் விலையை யாரும் சுவரில் ஓட்டிக் காட்டாததால்தான். வீடு கட்டிக் குடிபோவதாக இருந்தால் மனை வாங்கு, பணம் பெருக வேண்டும் என்றால் பொறுமையாக ஷேரிலேயே இரு.

“குடி போறதுக்குத்தான் சார்,” என்றாள் கன்னியம்மா.

“அந்தப் பொட்டக் காட்டுல ஒத்தையிலயா?”

“பக்கத்துல ஆளு கீது சார்.”

மாசானம் அவள் முகத்தைப் பார்த்தார். ஷேரை விற்றுக் கொடுத்தார். தை பிறந்ததும் கன்னியம்மா பெயரில் மனை பத்திரமாயிற்று. கிருஷ்ணப்பனுக்கு மட்டும் அரியர்ஸ் பணம் வர வேண்டியிருந்தது. மாசியில் பதிந்துவிடுகிறேன் என்றார். பங்குனியில் பேத்தி காதுகுத்து. அப்புறம் ஆடி போகட்டும் என்றார்.

மனை வாங்கியவளுக்கு வேனில் என்ன வேலை? பாரி சாக்லேட் டப்பாவும் காலண்டரும் கொடுத்து அனுப்பிவிட்டான். கிருஷ்ணப்பனிடம் போனில் பேசலாம் என்றால் எப்போதும் மருமகள்தான் எடுத்தாள், மாமா வெளியே போயிருக்கிறார் என்றாள். சரி, அவர் வருகிற வரைக்கும் நாம் இடத்தைப் பார்த்து வைப்போம் என்று கன்னியம்மா ஞாயிறுதோறும் திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துத் தன் மனைக்குப் போக ஆரம்பித்தாள். முருங்கைக் கொம்பு ஒன்று நட்டாள். தன் மனையில் முள் வெட்டினாள். அவர் மனையிலும் முள் வெட்டினாள்.

இதற்குள் ஷேர் மார்க்கெட் சரிந்தது. தினமும் பேப்பரில் அதுதான். வண்ணாரப்பேட்டை ஆபீசில் அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மாசானம் ஊருக்குச் சொன்ன புத்தியைத் தான் கேட்கவில்லை, மொத்தத்தையும் அங்கேயே வைத்திருந்தார். ஒரு வாரத் தாடியோடு மாடியேறி வந்து, நீதாம்மா புத்திசாலி, உச்சத்தில் விற்று மண்ணில் போட்டாய் என்றார். வீட்டுக்காரம்மா முதல்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எனக்கும் ஒரு மனை பார்த்துச் சொல்லேன் என்றாள். தெருவே வாயைப் பிளந்தது. கன்னியம்மா சிரித்து வைத்தாள். என்ன சொல்வாள், ஆடி போய் ஐப்பசியும் வந்துவிட்டது, அந்த மனுஷனைக் காணோம் என்றா?

அந்த ஐப்பசியில்தான் ஒரு ஞாயிறு வேன் வந்து நின்றது. முன் வரிசைகளில் மிச்சமிருந்த மனைகளைக் காட்ட வந்திருந்தார்கள். கன்னியம்மா முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வேனிலிருந்து வெள்ளைச் சட்டை இறங்கியதும் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எட்டி நடந்தாள். கிருஷ்ணப்பன் அவளைப் பார்க்கவில்லை. கூட ஒரு கணவன் மனைவி. அவர் ஒரு கல்லின்மேல் காலை வைத்து நின்றார். “இத்த நான் எடுத்துக்கறேன். நீங்க பக்கத்தது எடுத்துக்கோங்க. முன்னால நான் வூடு கட்டிக்கினு வந்துர்றேன்.”

கன்னியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் கணவன் மனைவி பாரியிடம் விலை பேசப் போனபிறகு கிருஷ்ணப்பன் திரும்பினார், அவளைப் பார்த்தார். ஓடி ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் அவரே சொன்னார். வேனுக்கு ஒரு ஆள் இப்படி வைத்திருப்பார்களாம். ஒருத்தன் எடுக்கிறான் என்றால்தான் இன்னொருத்தன் எடுப்பானாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்காரக்கூட இடம் இல்லை, இங்கே வந்தால் சாப்பாடும் ஏதோ கைச்செலவுக்கும் கிடைக்கிறது. கடைசியாக, உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே, விலை ஏறித்தானே இருக்கிறது என்றார்.

நஷ்டம் இல்லையாம். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

“உன்கிட்ட சொல்லசொல்லோ மட்டும், எனக்கே அது நெசம் மாரி இருந்துச்சு கன்னிம்மா,” என்றார்.

“நெசம் மாரி இருந்தா அதுல குடி போவ முடியுமா?” என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அந்த ஆளுக்கு முன்னால் அழக்கூடாது என்று திரும்பி நடந்தாள்.

பக்கத்து மனை துபாயில் இருக்கிற மொஹ்சின் என்பவருக்குப் போனதாகப் பாரி சொன்னான். இன்னொரு பக்கத்து மனை மாதவரத்து டாக்டருக்கு. எதிர் வரிசை முழுக்க ஒரே சேட்டு. எல்லாம் விற்றுவிட்டது, எல்லாரும் விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவர்கள். வந்து குடியிருக்க வாங்கினது இத்தனை பேரில் இவள் ஒருத்திதான். இரண்டு பங்கு விலைக்குக் கேட்டார்கள், விற்றுவிடு என்று மாசானமே சொன்னார். விற்றுப் பணமாக்கி மறுபடி பேங்கில் போட்டு அதைக் காவல் காக்கவா? அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. கழுத்துச் சங்கிலியை விற்று, பேங்கில் மிச்சமிருந்ததைத் துடைத்து, ஒற்றை அறையும் ஷீட் கூரையுமாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அடுத்த வைகாசியில் குடிபோனாள். ஒருத்தி வந்து விளக்கேற்றினால் பின்னாலேயே நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தாள்.

யாரும் வரவில்லை. ஆடு மேய்ப்பவர்கள்கூட வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். மழை பெய்தால் வெள்ளைக் கல்லெல்லாம் தண்ணீரில் நிற்கும். அந்தி சாய்ந்தால் அவள் வீட்டு பல்பு ஒன்றுதான். ராத்திரி பயமாக இருக்கும். பயமாக இருக்கிறது என்று சொல்வதற்கு ஆள் இல்லையே என்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

ஆனால் வேன் வந்தது. பாரி பலே ஆள். மனை போட்டவர்கள் பக்கத்து வயலையும் வாங்கி இரண்டாம் பகுதி போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் அவன் வேனை நேராக அவள் வாசலில் கொண்டு வந்து நிறுத்தி, பாருங்கள், குடும்பங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று கை காட்டினான். அவள் துணி காயப் போட்டிருந்தால் அவனுக்கு இன்னும் சந்தோஷம். கன்னியம்மாவுக்கு விஷயம் புரியாமல் இல்லை. தன்னை வைத்து வியாபாரம் நடக்கிறது என்று தெரிந்தும் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெயிலில் வந்தவர்கள் வாங்கிக் குடித்தார்கள். மனுஷ முகம்.

அப்படி ஒரு ஞாயிறு, கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். கிட்டத்தட்ட இவள் வயதுதான். ராயபுரத்துக்காரி, வியாகுலம்மாள் என்று பெயர் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், மகள்கள் இரண்டு பேரும் வெளியூர், வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே போகவில்லை. ரயிலில் வந்தால் எவ்வளவு நேரம், மீன் கிடைக்குமா, கோயில் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். கன்னியம்மா உள்ளே ஓடி இன்னொரு நாற்காலி எடுத்து வந்து போட்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். வியாகுலம்மாள் எழுந்திருக்காமல், குரலை இறக்கிக் கேட்டாள்.

“அந்தப் பையன் சொல்றத வுடு. நீ சொல்லுக்கா. ராவுல இங்க அக்கம்பக்கத்துல ஆளுங்க கீறாங்களா?”

கன்னியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கீறாங்க என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், இவள் வாங்கிவிடுவாள். வாங்கிவிட்டால் இவள் கட்டிக்கொண்டு வருவாள், மற்றவர்களைப் போல இல்லை, இவள் வருகிறவள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வந்தபிறகு எல்லாம் தெரிந்தால்தான் என்ன, நான் இருப்பேனே, இவளுக்கு நானும் எனக்கு இவளுமாக இருந்துகொள்வோமே. நெசம் மாரிதானே இருக்கு. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“இல்லம்மா,” என்றாள். “ஒரு குஞ்சு இல்ல. நான் ஒண்டி.”

வியாகுலம்மாள் அவளைப் பார்த்தாள். அப்புறம் கல் வரிசைகளைப் பார்த்தாள். கன்னியம்மாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள், எழுந்து போய் வேனில் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் அவளுக்கு இடம் விட்டார் யாரோ. வேன் தூசி கிளப்பிக்கொண்டு மெயின் ரோட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் கன்னியம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அந்த நாற்காலியை உள்ளே எடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.